அமீரும் சட்டசபையும்

அரபு நாடு என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவரிற் பலருடைய மனக்கண்முன் தோன்றுவன மணற்பரப்பும், எண்ணெய்க் கிணறும், வாய்ச்சொல்லே சட்டமாக வீற்றிருக்கும் ஒரு மன்னருமேயாம். இவ்வெண்ணம் முழுதும் பிழையென்று நாம் சொல்லத் துணியோம். ஆயினும், பாரசீக வளைகுடாவின் தலைப்பிலே, ஈராக்குக்கும் ஸவூதி அரேபியாவுக்கும் இடையில், நமது ஜொகூர் மாநிலத்தினும் சற்றுச் சிறியதாய்க் கிடக்கும் குவைத் என்னும் நாடு இவ்வெண்ணத்துக்குள் அடங்காதது. அந்நாட்டுச் சட்டசபை மன்னர் குடும்பத்து மந்திரிகளை எழுந்து நிற்கச் செய்து கேள்வி கேட்டது; ஒருமுறை மன்னர் ஒருவரையே பதவியினின்றும் நீக்கித் தீர்மானித்தது; மும்முறை அரசியற் சட்டத்தை மீறிப் பூட்டப்பட்டது. அதன் வரலாற்றை நமது வாசகர்கள் அறிந்துகொள்வது நலமென்று கருதி இதனை எழுதப் புகுந்தோம்.

இன்னொரு காரணமும் உண்டு. குவைத்தில் வாழும் ஏறத்தாழ ஐம்பது லட்சம் மக்களிற் பத்தில் ஏழு பேர் பிழைப்பு நாடிச் சென்ற அயலார். அவருள் தமிழரும் அனேகர். அவர்களுக்கு வோட்டு இல்லை. ஆயினும் வீட்டு வேலையாட்களுக்கு வாரத்தில் ஒருநாள் ஓய்வும், நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிக்கு மேற்படாத வேலையும், ஆண்டுக்கு முப்பது நாள் சம்பளத்தோடு கூடிய லீவும் உரியவையென்று 2015 ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியது அச்சபையே. வளைகுடா அரபு நாடுகளில் அத்தகைய சட்டம் அதுவே முதலாவது. ஏட்டிலுள்ள சட்டம் அடுக்களை வரை எட்டிற்றா என்பது வேறு கேள்வி.

கதையை எண்ணெய்க்கு முன்பிருந்து தொடங்க வேண்டும். அக்காலத்துக் குவைத் முத்துக்குளிப்பவரும் மரக்கலமோட்டிகளும் வணிகரும் வாழ்ந்த துறைமுகம். அவர்தம் கலங்கள் பம்பாய்க்கும் மலையாளக் கரைக்கும் போய் மீளும். கடைத்தெருவிற் புழங்கியதும் இந்திய ரூபாயே. 1961 ஆம் ஆண்டில்தான் தினார் என்னும் சொந்த நாணயம் அங்கே வந்தது. முத்துக்குளிப்பவர் முன்பணக் கடனிற் கட்டுண்டவர்; தந்தை மாண்டால் கடன் மகன் தலையில் விழும். தோட்டப்புறத்து அன்பர்களுக்கு இதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஸபாஹ் குடும்பத்தார் அத்துறைமுகத்தை ஆண்டனர். ஆனால் ஆள்பவருக்கு வருமானம் சுங்கமும் முத்து வரியும். அவற்றைக் கொடுப்பவர் வணிகர். ஆகவே கொடுப்பவர் பேச்சுக்கு மதிப்பிருந்தது. 1896 ஆம் ஆண்டில் முபாரக் என்பவர் தம் சகோதரர் இருவரைக் கொன்று ஆட்சியைக் கைப்பற்றினார். 1899 ஆம் ஆண்டு ஜனவரி 23 ஆம் தேதி, பதினையாயிரம் ரூபாய் பெற்றுக்கொண்டு, பிரிட்டிஷார் அனுமதியின்றி எந்த அந்நியருக்கும் நிலம் கொடுப்பதில்லையென்று அவர் கையொப்பமிட்டார். அவர் வரிக்கு மேல் வரி சுமத்தவே, 1910 ஆம் ஆண்டையொட்டி ஹிலால் அல் முதைரி முதலிய முத்து வணிகர் தம் கலங்களோடும் ஆட்களோடும் நாட்டை விட்டே வெளியேறினர். வாளெடுத்துப் பதவி ஏறியவர், ஆள் அனுப்பி அவர்களைத் திரும்பி வருமாறு வேண்ட நேர்ந்தது. கடல் வணிகனுக்கு அன்று வோட்டு இல்லை, பாய்மரம் இருந்தது.

1921 இல் ஷேக் ஸாலிம் காலமானதும், இனி ஆள்பவர் தங்களைக் கலந்தே ஆளவேண்டுமென்று வணிகர் கோரினர். பன்னிருவர் கொண்ட ஆலோசனைச் சபையொன்று அமைந்தது. சில மாதங்களில் அது மறைந்தும் போயிற்று. 1938 இல் எழுந்த சபையோ அத்தகையதன்று. அவ்வாண்டு பிப்ரவரியில் புர்கான் என்னுமிடத்தில் எண்ணெய் கண்டனர். அதே ஆண்டின் நடுவில், நூற்றைம்பது குடும்பத் தலைவர்கள் கூடிப் பதினால்வரைத் தேர்ந்து சட்டமியற்றும் சபையாக்கினர். ஆளும் குடும்பத்தவரான அப்துல்லா அல் ஸாலிம் தலைமை வகித்தார். அச்சபை ஓர் அடிப்படைச் சட்டம் இயற்றியது. முத்து வரியை ஒழித்தது. ஏகபோகங்களை நீக்க முற்பட்டது. பின்பு எண்ணெய்க் கம்பெனி தரும் பணமும் தன் கைக்கே வரவேண்டுமென்றது. அங்கேதான் முரண்பாடு முற்றியது. டிசம்பரில் ஷேக் அஹ்மத் சபையைக் கலைத்தார். அடுத்துக் கூடிய சபையும் 1939 மார்ச்சு மாதத்தில் இரத்தம் சிந்தி முடிந்தது. ஆறு மாதமே முழு உயிரோடிருந்த சபை அது. ஆயினும் அதன் தலைவராயிருந்த அப்துல்லா அல் ஸாலிமே 1950 இல் நாட்டின் ஆட்சிக்கு வந்தார்.

அதற்குள் நிலைமை தலைகீழாயிற்று. 1946 இல் எண்ணெய் ஏற்றுமதி தொடங்கியது. ஆள்பவர் வணிகரிடம் கையேந்திய காலம் போய், வணிகரும் மற்றையோரும் ஆள்பவரிடம் கையேந்தும் காலம் வந்தது. வரி கொடாத மக்களுக்குச் சபை எதற்கு என்று சொல்லிவிட எளிதாயிருந்த அவ்வேளையிலேதான், அப்துல்லா சபையைக் கொடுத்தார். அவருடைய மனச்சாய்வு ஒரு காரணம்; மற்றொன்று அண்டை வீட்டுக்காரர். 1961 ஜூன் 19 ஆம் தேதி குவைத் சுதந்தரம் பெற்றது. ஆறே நாளில், குவைத் எமது நாட்டின் ஒரு பகுதியென்று ஈராக்கின் தலைவர் காஸிம் உரிமை கொண்டாடினார். பிரிட்டிஷ் துருப்புகள் வந்திறங்கின. குவைத் ஒரு குடும்பத்தின் சொத்தன்று, தனக்கென மனமுடைய மக்களின் நாடு என்பதை உலகத்துக்குக் காட்ட வேண்டியதாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் இருபதின்மர் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். எகிப்து நாட்டுச் சட்ட அறிஞர் உத்மான் கலீல் உத்மான் துணை நிற்க, 1962 நவம்பர் 11 ஆம் தேதி அரசியற் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. 1963 ஜனவரியில் ஐம்பது அங்கத்தினர் கொண்ட முதற் சட்டசபை கூடியது.

இனி அச்சட்டத்தின் இயல்பைச் சிறிது ஆராய்வோம். முபாரக்கின் வழியில் வந்தோரே அமீராவர் என்பது நான்காம் பிரிவு. ஆட்சி முறை ஜனநாயகம். அதிகாரம் அனைத்துக்கும் மூலம் மக்களே என்பது ஆறாம் பிரிவு. இவ்விரண்டையும் ஒரே கூரையின்கீழ் வைத்தவர் திறமைசாலிகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் இரண்டும் ஒரு நாளேனும் முட்டிக்கொள்ளாதிருக்குமென்று அவர்களே நம்பியிருக்க மாட்டார்கள்.

மலேசியாவிலே மன்னர் உண்டு, பார்லிமெண்டும் உண்டு. அங்கத்தினரிற் பெரும்பான்மையோரின் நம்பிக்கை யாருக்குண்டோ அவரே பிரதம மந்திரி. குவைத்தின் முறை அதுவன்று. பிரதம மந்திரியை அமீரே தம் விருப்பப்படி நியமிப்பார். அப்பதவியில் அமர்ந்தவரெல்லாம் ஸபாஹ் குடும்பத்தாரே. மந்திரிகள் சபையின் மூன்றிலொரு பங்கை மீறலாகாது. ஆனால் தேர்தலிற் கால் வையாத மந்திரியும் சபையில் அங்கத்தினராகி வோட்டளிக்கலாம். மக்கள் அனுப்பிய ஐம்பதின்மருக்கு எதிரே அரசாங்கம் பதினைந்து வோட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே நுழைகிறது. கட்சிகளுக்குச் சட்டத்தில் இடமில்லை. வணிகர், தேசியவாதிகள், மதவாதிகள், ஷியாக்கள், பாலைவனக் கோத்திரத்தார் என்று குழுக்கள் மட்டும் உண்டு.

அப்படியாயின் சபைக்கு என்ன பலம்? அரசாங்கத்தை ஆக்கும் பலம் இல்லை. அசைக்கும் பலம் உண்டு. எந்த அங்கத்தினரும் எந்த மந்திரியையும் சபை நடுவே நிறுத்தி விசாரிக்கலாம். அரபு மொழியில் இதனை ‘இஸ்திஜ்வாப்’ என்பர். விசாரணை முடிந்ததும் பதின்மர் கையொப்பமிட்டால் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வரும். ஏழு நாள் கழித்து வோட்டு. அந்த வோட்டில் மட்டும் மந்திரிகளுக்குப் பங்கில்லை. எண்ணிப் பார்த்துத் தோல்வி உறுதியென்று கண்ட மந்திரி பெரும்பாலும் வோட்டுக்கு முன்பே பதவி துறந்துவிடுவார். பிரதம மந்திரியை மட்டும் சபை நீக்க முடியாது. ‘இவரோடு ஒத்துழைக்க இயலாது’ என்று அமீருக்கு அறிவிக்கலாம். அமீர் அவரை விலக்க வேண்டும், அல்லது சபையைக் கலைக்க வேண்டும். கலைத்தால் இரண்டு மாதத்துக்குள் தேர்தல் நடந்தாக வேண்டும். நடவாவிடில் கலைந்த சபையே உயிர்பெற்றெழும். இது 107 ஆம் பிரிவு. இவையெல்லாவற்றுக்கும் காவலாக 181 ஆம் பிரிவு நிற்கிறது: ராணுவச் சட்டம் அமுலிலிருக்கும் காலம் தவிர வேறெப்போதும் இவ்வரசியற் சட்டத்தின் எப்பிரிவையும் நிறுத்தி வைக்கலாகாது. அந்த எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

சபை வெறும் அலங்காரமன்று என்பதற்கு எண்ணெய்க் கதை ஒன்றே போதும். 1934 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் நாட்டின் எண்ணெய் ஓர் ஆங்கிலக் கம்பெனிக்கும் ஓர் அமெரிக்கக் கம்பெனிக்கும் சரிபாதியாகப் போயிருந்தது. நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு நாட்டுக்கு வரும்படி அரசாங்கம் ஒரு புதிய உடன்பாட்டைச் செய்துகொண்டு வந்தது. எண்ணெய் நாட்டின் சொத்து, சபையின் சட்டமின்றி அதனை யாருக்கும் கொடுக்கலாகாது என்ற பிரிவைச் சுட்டி, இருபத்தைந்து போதாதென்று சபையினர் மறுத்து நின்றனர். டாக்டர் அஹ்மத் அல் கத்தீப் முதலிய தேசியவாதிகளின் குரல் அங்கே ஓங்கி ஒலித்தது. 1974 இல் இருபத்தைந்து அறுபதாயிற்று; 1975 இல் முழுதும் நாட்டுக்கே வந்தது. கம்பெனியோடு பேரம் பேசப் போன மந்திரிகளுக்குச் சபையின் பிடிவாதம் பெருந்துணையாயிற்று.

அடுத்த ஆண்டே பூட்டு விழுந்தது. 1976 ஆகஸ்டு 29 ஆம் தேதி அமீர் ஸபாஹ் அல் ஸாலிம் சபையைக் கலைத்ததோடு நில்லாமல், அரசியற் சட்டத்தின் சில பிரிவுகளையும் நிறுத்தி வைத்தார். அவற்றுள் ஒன்று 107. மற்றொன்று, பிரிவுகளை நிறுத்தலாகாதென்று சொல்லும் 181. காவற்காரனை முதலில் வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டியது போலாயிற்று. 1981 இல் தேர்தல் மீண்டபொழுது, பத்துத் தொகுதிகள் இருபத்தைந்தாகத் துண்டு செய்யப்பட்டிருந்தன. 1982 இல் ‘ஸூக் அல் மனாக்’ என்னும் பங்குச் சூதாட்டச் சந்தை, 9,400 கோடி டாலர் பெறுமான பின்தேதிச் செக்குகளோடு சரிந்து வீழ்ந்தது. அதில் யார் யார் கை நனைத்தனர் என்று சபை துருவியது. ஆளும் குடும்பத்தவரான நீதி மந்திரி 1985 இல் பதவி துறந்தார். 1986 ஜூலை 3 ஆம் தேதி சபை மறுபடியும் பூட்டப்பட்டது. நிறுத்தப்பட்ட பிரிவுகளில் மீண்டும் 107, மீண்டும் 181.

இவ்விடத்தில் ‘திவானியா’ என்பதைப் பற்றிச் சொல்லாமற் போனால் குவைத்தின் அரசியல் விளங்காது. வசதியுள்ள குவைத்தியர் வீட்டில், ஆண்கள் மாலையிற் கூடிப் பேசும் தனிக்கூடம் அது. நமது ஊர்த் திண்ணைக்குச் சுவரும் கூரையும் மெத்தையும் வாய்த்தாற் போன்றது. வேட்பாளர் வோட்டுக் கேட்பதும் அங்கே. மந்திரியை ஏசுவதும் அங்கே. திருமணம் பேசுவதும் அங்கே. வீட்டுக்குள் போலீசு நுழைவதை அந்நாட்டு வழக்கம் பொறுப்பதில்லை. ஆகவே சபை மூடப்பட்டபொழுது, 1989 இறுதி முதல் திங்கட்கிழமை தோறும் ஒவ்வொருவர் திவானியாவில் முன்னாள் அங்கத்தினர் கூடி, 1962 ஆம் ஆண்டுச் சட்டத்தை மீட்கக் கோரினர். போலீசார் அவற்றை வளைத்துக்கொண்டும் கூட்டம் குறையவில்லை. 1990 ஜூனில் அமீர் ஜாபிர், ஐம்பது பேர் தேர்தலிலும் இருபத்தைந்து பேர் நியமனத்திலுமாக ஒரு ‘தேசிய கவுன்ஸிலை’ அமைத்துச் சமாளிக்கப் பார்த்தார். எதிர்ப்பாளர் அதனைப் புறக்கணித்தனர்.

ஆகஸ்டு 2 ஆம் தேதி ஸதாம் ஹுஸேனின் சேனை உள்ளே புகுந்தது. அமீர் குடும்பம் ஸவூதிக்கு ஓடியது. நாடிழந்து நின்ற அவ்வேளையில், அக்டோபரில் ஜித்தா நகரத்திலே அமீர் தரப்பாரும் எதிர்ப்பாளரும் ஒரு மண்டபத்தில் கூடினர். வணிகப் பெரியவர் அப்துல் அஸீஸ் அல் ஸக்ர் எதிர்ப்பாளர் சார்பிற் பேசினார். நாடு மீண்டால் 1962 ஆம் ஆண்டுச் சட்டமும் மீளும் என்பது உடன்பாடு. மேல்நோக்கினால் எளிய வாக்குறுதி. ஆனால் படையெடுத்தவன் குவைத்தில் தனக்கு ஆள் தேடிக் கண்டடையாததற்கு இதுவும் ஒரு காரணமென்று நாம் கருதுகிறோம். 1991 பிப்ரவரியில் நாடு விடுதலை பெற்றது. பின்வாங்கிய சேனை தீயிட்ட கட்டிடங்களில் சட்டசபை மண்டபமும் ஒன்று. ஸிட்னி நகரத்து நாடக மாளிகையை வகுத்த டென்மார்க்கு நாட்டு யோர்ன் உட்ஸன், பாலைவனக் கூடாரத்தை நினைவூட்டும் கூரையோடு கடலோரத்தில் வகுத்த மண்டபம் அது. செப்பனிட்டு, 1992 அக்டோபரில் மறுபடி தேர்தல் நடத்தினர்.

நிற்க. இதுவரை ‘மக்கள்’ என்றெழுதினோம். அந்த மக்களிற் பாதிப்பேருக்கு வோட்டில்லை என்பதைச் சொல்லவில்லை. பெண்கள் படித்தனர், சர்க்கார் உத்தியோகம் பார்த்தனர், ஆக்கிரமிப்பு நாட்களில் மறைவாய்ப் போராடி உயிரும் நீத்தனர். ஆயினும் வோட்டு ஆணுக்கே. 1982 இல் பெண்களுக்கு வோட்டுரிமை கோரிய மசோதாவைச் சபை தள்ளியது. 1999 மே மாதத்தில், சபை கலைந்திருந்த வேளை, அமீர் ஜாபிர் ஓர் ஆணையால் அவ்வுரிமையைக் கொடுத்தார். புதிய சபை கூடியதும் அவ்வாணையை மறுத்தது. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் அங்கத்தினர் கொணர்ந்த மசோதாவும் 32க்கு 30 என்ற கணக்கில் தோற்றது. மன்னர் கொடுக்கிறார், மக்கள் பிரதிநிதிகள் தடுக்கிறார்கள்! ஜனநாயகமே சகல நோய்க்கும் மருந்தென்று பேசும் நம்மைப் போன்றோரைத் தலைகுனிய வைக்கும் நிகழ்ச்சி இது. ஒரு சாரார் தங்கள் வோட்டைக் கொண்டு மறுசாராரின் வோட்டை மறுப்பது எந்த நாட்டுச் சரித்திரத்திலும் புதிதன்று. அமீரின் கொடையைச் சிலர் மறுத்ததற்கு, சபையில்லாத வேளையில் ஆணை பிறப்பித்ததே முறையன்று என்ற நியாயமும் சொல்லப்பட்டது. அந்நியாயம் உண்மையில் எத்தனை பேர் நெஞ்சில் இருந்ததென்பது, அவர்கள் மசோதாவையும் தோற்கடித்ததிலிருந்து விளங்கும்.

பெண்கள் ஓயவில்லை. பதிவு அலுவலகங்களுக்குச் சென்று பெயர் பதியக் கேட்டனர். மறுக்கப்பட்டபொழுது கோர்ட்டுக்குப் போயினர். நீல உடை தரித்துச் சபை வாயிலில் நின்றனர். 2005 மே 16 ஆம் தேதி, மந்திரிகளின் வோட்டும் சேர்ந்து, 35க்கு 23 என்ற கணக்கில் உரிமை நிறைவேறியது. அடுத்த மாதம் மாஸூமா அல் முபாரக் முதற் பெண் மந்திரியானார். அவர் பிரமாணம் எடுக்கையில் சில அங்கத்தினர் கூச்சலிட்டனர். அவர் வாசித்து முடித்தார். 2006 ஆம் ஆண்டுத் தேர்தலில் வோட்டர் பட்டியலிற் பாதிக்கு மேற்பட்டோர் பெண்களாயிருந்தும் ஒரு பெண்ணும் வெற்றி பெறவில்லை. 2009 இல் நால்வர் வென்றனர்: மாஸூமா அல் முபாரக், அஸீல் அல் அவாதி, ரோலா தஷ்தி, ஸல்வா அல் ஜஸ்ஸார். அவருள் முக்காடிடாத இருவரின் பதவி செல்லாதென்று வழக்குத் தொடுக்கப்பட்டது. அரசியற் சட்டக் கோர்ட்டு அவ்வழக்கைத் தள்ளியது.

2006 ஜனவரியில் நடந்ததோ அரபு நாடுகளில் எங்கும் காணாத காட்சி. 15 ஆம் தேதி அமீர் ஜாபிர் காலமானார். பட்டத்துக்குரிய ஷேக் ஸாத் அமீரானார். ஆனால் சபையின்முன் பிரமாணம் வாசித்தாலன்றிப் புதிய அமீர் அதிகாரம் செலுத்த முடியாது. சில வரிகளே கொண்ட அப்பிரமாணத்தை வாசிக்கவும் அவர் உடல்நிலை இடங்கொடுக்கவில்லை. குடும்பத்துக்குள் பேச்சு நடந்தது; முடிவு காணவில்லை. 1964 ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின்படி மந்திரிசபை விஷயத்தைச் சட்டசபைக்கு அனுப்பியது. வைத்திய அறிக்கை வாசிக்கப்பட்டது. 24 ஆம் தேதி சபை ஒருமனதாக ஷேக் ஸாதை விலக்கியது. அவர் தாமே விலகும் கடிதமும் அதே நாளில் வந்து சேர்ந்தது. ஷேக் ஸபாஹ் அல் அஹ்மத் ஐந்து நாளில் அதே சபைமுன் பிரமாணமெடுத்தார். வாளாலும் சதியாலும் வாரிசு தீர்ந்த ஒரு குடும்பத்தில், முபாரக்கின் நாளிலிருந்து நூற்றுப்பத்து ஆண்டில், வோட்டால் வாரிசு தீர்ந்தது.

அதன்பின் ஓயாத சச்சரவு. செம்மஞ்சள் நிறக் கொடியேந்திய இளைஞர் போராட்டத்தால் இருபத்தைந்து தொகுதிகள் ஐந்தாயின. 2009 இல் முதன்முறையாகப் பிரதம மந்திரியே விசாரிக்கப்பட்டார். 2011 நவம்பரில் லஞ்சப் புகாரால் கொதித்த கூட்டம் சபை மண்டபத்துள்ளேயே புகுந்தது. 2012 இல், வோட்டருக்கிருந்த நான்கு வோட்டுகளை ஆணையொன்றால் அமீர் ஒன்றாக்கினார். எதிர்ப்பாளர் தேர்தலைப் புறக்கணித்தனர். 2012, 2013, 2023 ஆகிய ஆண்டுகளில் கோர்ட்டே தேர்தல்களைச் செல்லாதாக்கியது. மூன்றரை ஆண்டுக்குள் நான்கு முறை வோட்டளித்த மக்கள் சலித்துப் போனதில் வியப்பில்லை.

சபையின் குற்றத்தையும் மறைக்கலாகாது. அங்கத்தினர் பலர் வோட்டருக்கு உத்தியோகமும் வெளிநாட்டு வைத்தியமும் வாங்கிக் கொடுக்கும் தரகராயினர். மக்களின் கடனைச் சர்க்கார் ஏற்கவேண்டுமென்று மசோதா கொணர்ந்தனர். ‘டௌ’ என்னும் அமெரிக்க ரசாயனக் கம்பெனியோடு செய்த உடன்பாட்டைச் சபையின் மிரட்டலுக்கஞ்சி 2008 இல் அரசாங்கம் கைவிட, பின்பு இருநூறு கோடி டாலருக்கு மேல் அபராதம் கட்ட நேர்ந்தது. ஆனால் ஆக்கும் பொறுப்பைக் கொடாமல் அசைக்கும் உரிமையை மட்டும் கொடுத்தால், கிடைத்த ஒரே ஆயுதத்தை நாள்தோறும் வீசத்தான் செய்வார்கள். பழியை ஒரு பக்கமே சுமத்த நமக்கு மனம் வரவில்லை.

2024 ஏப்ரல் 4 ஆம் தேதி கடைசித் தேர்தல் நடந்தது. அச்சபை ஒருமுறை கூடக் கூடவில்லை. மே 10 ஆம் தேதி அமீர் மிஷால் அதனைக் கலைத்து, நான்காண்டுக்கு மேற்படாத காலத்துக்கு அரசியற் சட்டத்தின் சில பிரிவுகளை நிறுத்தி வைப்பதாக அறிவித்தார். சபையின் அதிகாரம் அமீருக்கும் மந்திரிசபைக்கும் சென்றது. பின்பு குடியுரிமைச் சட்டம் ஆணையால் மாற்றப்பட்டுப் பல்லாயிரவர் குடியுரிமை பறிபோயிற்று. குவைத்தியரை மணந்து குடிகளான பெண்கள் அவருள் மிகப்பலர். ஏன் என்று மந்திரியை எழுப்பிக் கேட்க அங்கத்தினர் ஒருவருமில்லை. நிறுத்தப்பட்ட பிரிவுகளின் பட்டியலில் 107 இருந்தது. 181 உம் இருந்தது. நான்காண்டுத் தவணை 2028 மே மாதத்தில் முடிவடைகிறது.